கர்ட்டனக்காவும் சுற்றுகிற அறையும்

திரைச்சீலை தைத்து மாட்டுகிற கர்ட்டனக்கா ஏணியிலிருந்து விழுந்த செய்தி, அவள் தரையைத் தொடுவதற்கு முன்பே தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று அவளுடைய நாத்தனார் இன்றைக்கும் சொல்வாள். அதில் கொஞ்சம் உப்பு, காரம் உண்டு. ஆனால் விழுந்தது உண்மை.

ஒரு பல் டாக்டர் வீட்டு முன்னறையில் அது நடந்தது. பெரிய ஜன்னல், பச்சை நிறத் திரைச்சீலை, நீளமான பித்தளைக் கம்பி. கர்ட்டனக்கா ஏணியின் மேல்படியில் நின்று, தலையை நிமிர்த்தி, கம்பியின் ஒரு முனையைச் சுவரிலிருந்த கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் கீழே நின்று மறுமுனையைக் கோலால் தாங்கிக்கொண்டிருந்தாள். சில நாட்களாகக் கர்ட்டனக்காவுக்குச் சளியும் காய்ச்சலும். ஆனாலும் சொன்ன தேதிக்கு வேலையை முடிப்பவள் என்று பெயர் எடுத்தவள். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கொக்கி அசைந்தது. சுவர்தான் பெயர்ந்து வருகிறது என்று நினைத்தாள். அதற்குள் ஜன்னல் இடதுபக்கமாக ஓட ஆரம்பித்தது, அதைப் பிடிக்கக் கூரை ஓடியது, யாரோ அந்த அறையைத் தூக்கிப் பம்பரம் மாதிரி சுழற்றிவிட்டதுபோல எல்லாம் சுற்றின. கைக்கு அகப்பட்டது திரைச்சீலை மட்டும்தான். அதைப் பிடித்தாள். திரைச்சீலை, கம்பி, வளையம், திருகாணி, சுவர்க்காரை, கர்ட்டனக்கா எல்லாம் ஒன்றாகக் கீழே வந்தன. கனத்த துணி சுருண்டு விழுந்து மெத்தையாக இருந்ததால் எலும்பு தப்பியது.

வீட்டுக்கார அம்மா ஓடி வந்து குனிந்து, முதல் வேலையாக அவள் வாயை மோந்து பார்த்தார்.

"காலையிலேயேவா?" என்றார்.

"எங்க அண்ணி டீயைத் தவிர எதையும் தொட மாட்டாங்க" என்று நாத்தனார் எரிந்து விழுந்தாள்.

கர்ட்டனக்கா எழப் பார்த்தாள். கண்ணைத் திறந்தால் அறை சுற்றியது. மூடினால் இருட்டு சுற்றியது. பச்சைத் துணியிலேயே வாந்தி எடுத்தாள். அந்த அவமானம் விழுந்த வலியைவிடப் பெரிதாக இருந்தது அவளுக்கு.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பாதி வழியில் இன்னொரு ஓட்டுநரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு, சீருடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். காது மூக்கு தொண்டை டாக்டர், கர்ட்டனக்காவின் கண்கள் தாமாகத் துள்ளுவதைப் பார்த்தார், தலையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். காதுக்குள்ளே, கேட்கிற பகுதிக்குப் பக்கத்தில், உடம்பை நேராக நிறுத்துகிற ஒரு பகுதியும் இருக்கிறது. சளிக் கிருமி அதன் நரம்பை ஒரு பக்கம் மட்டும் தாக்கியிருக்கிறது. ஒரு காது நேராக நிற்கிறோம் என்கிறது, இன்னொன்று விழுகிறோம் என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மூளை திண்டாடுகிறது.

"பெரிய சுத்தல் கொஞ்ச நாள்ல நின்னுடும்" என்றார் டாக்டர். "அதுக்கப்பறம் எவ்வளவு மிச்சம் இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது. சிலருக்குச் சுத்தமாப் போயிடும். சிலருக்கு நெடுநாள் இருக்கும்."

கர்ட்டனக்கா இரண்டாவது வகையில் சேர்ந்தாள்.

பம்பரம் நின்றது. ஆனால் தரை பழைய தரையாகத் திரும்பி வரவில்லை. நடக்கும்போது மெத்தைமேல் கால் வைப்பதுபோல இருந்தது. தலையைச் சட்டென்று திருப்பினால், பார்வை தலையோடு வராமல் கொஞ்சம் பின்தங்கி, பிறகு வந்து சேர்ந்தது. மேலே பார்த்தால் சுற்றியது. குனிந்து செருப்பை மாட்டினால் சுற்றியது. மின்விசிறிக்கு மேலே இருந்த குழல்விளக்கின் ஒளியை இறக்கைகள் வெட்டிவெட்டி விட்டபோது சுற்றியது. போனில் விரலால் படங்களைத் தள்ளிக்கொண்டே போனால் சுற்றியது. கடைவீதியில் எதிரும் புதிருமாக ஆட்கள் வந்தால், ஓடுகிற ஆற்றின் நடுவில் நிற்பதுபோலக் கால் பின்னியது. பசித்தால் ஒரு மடங்கு, தூக்கம் கெட்டால் இரண்டு மடங்கு.

எல்லாவற்றுக்கும் மேலே, கோடு போட்ட துணி. அவள் கடை முழுக்கத் துணிதான். வெட்டுகிற மேசை, இரண்டு தையல் இயந்திரங்கள், சுவர் முழுக்க மாதிரித் துண்டுகள். ஒருநாள் கடைக்கு வந்து, இயந்திரத்தில் கோடு போட்ட துணியை வைத்து மிதியை அழுத்தினாள். ஊசிக்குக் கீழே கோடுகள் ஓடத் தொடங்கியதும் வயிறு தொண்டைக்கு வந்தது. மேசையில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். கட்டுப் போட்ட கை என்றால் ஊரே பரிதாபப்படும். இது வெளியே தெரியாத நோய். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ரத்தம் குறைவு என்றார் ஒருவர். கண்ணாடியை மாற்று என்றார் இன்னொருவர். "எல்லாம் மனசுதான்" என்று ஒரு சித்தி ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போனார்.

கணவர் அப்படியெல்லாம் சொல்லவில்லை. அவர் செய்தது வேறு. தாங்கினார். தட்டைக் கழுவப் போனால் வாங்கிக்கொண்டார், வாசலுக்குப் போனால் கையைப் பிடித்துக்கொண்டார், குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட விடவில்லை. சுற்றல் மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தார். முதல் சில நாட்களுக்கு மட்டும் என்று டாக்டர் சொன்ன மாத்திரை அது. இருவரும் அதை மறந்து, மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாத்திரை போட்டால் சுற்றல் மங்கும், கூடவே உலகமும் மங்கும். கர்ட்டனக்கா நாளில் பாதி தூங்கினாள். கடையை நாத்தனார் ஒற்றையாகத் திறந்து, தலையணை உறையும் மேசை விரிப்பும் தைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வேலை கேட்டு வந்தவர்களை, அண்ணிக்கு உடம்பு சரியாகட்டும் என்று திருப்பி அனுப்பினாள்.

அப்படி ஒரு காலையில்தான் கர்ட்டனக்கா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், பின்கட்டில் ஏணி இல்லாததைப் பார்த்தாள். அலுமினிய ஏணி. விழுந்த அன்று அவளோடு ஆஸ்பத்திரிக்கு வராமல், நாத்தனாரோடு ஆட்டோவில் பத்திரமாக வீடு வந்து சேர்ந்த ஏணி.

கடைக்குப் போன் செய்தாள்.

"ஏணி அங்கயா இருக்கு?"

மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

"அண்ணன் யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு, அண்ணி."

"யார்கிட்டயும்னா நானுமா?"

"நீங்கதான் அந்த யாரும்."

மூலைத்தெருவில் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற பெயின்டருக்குக் கொடுத்துவிட்டாராம். கர்ட்டனக்கா போனை வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தன்னைக் கேட்காமல் தன் தொழிலை ஒருவர் தூக்கிக் கொடுத்துவிட்டார், அதுவும் அன்பினால். அன்பினால் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

செருப்பை மாட்டினாள். குனியவில்லை; நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி மாட்டினாள். அன்றைய மாத்திரை மேசையிலேயே கிடந்தது. கதவைப் பூட்டிவிட்டுத் தனியாகத் தெருவில் இறங்கினாள்.

வீட்டுச் சுவர் இருந்தவரைக்கும் சுவரை விரலால் தொட்டுக்கொண்டு போனாள். சுவர் முடிந்ததும் நிறுத்தி வைத்திருந்த வண்டிகள். வண்டிகள் முடிந்ததும் சாலை. சாலையைத் தாண்ட இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். தலையைத் திருப்பியதும் சாலையே வளைந்தது. பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சைக்கிளில் போன ஒரு பெரியவர் நின்றார். "என்னம்மா பண்றீங்க?"

"கம்பம் விழுந்துடப் போகுதேன்னு பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றாள்.

அவர் கம்பத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். கர்ட்டனக்காவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு. அது அடங்குவதற்குள் அவளுக்கு ஒன்று தோன்றியது: தலையை மட்டும் திருப்பினால்தானே சுற்றுகிறது? காலை எடுத்து வைத்து உடம்பையே முழுசாக அந்தப் பக்கம் திருப்பினாள், மெதுவாக. பார்த்தாள். பிறகு உடம்போடு இந்தப் பக்கம். பார்ப்பவர்களுக்கு ஏதோ அணிவகுப்பு மாதிரி இருந்திருக்கும். எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த ஒரு சினிமா விளம்பரத்தின் ஓரத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அதை விடாமல் சாலையைத் தாண்டினாள்.

பெயின்டர் வாசலில் டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"உங்க வீட்டுக்காரர்தாங்க்கா குடுத்தாரு. வீட்டுல வைக்க இடமில்லைன்னாரு."

"இடம் இருக்கு" என்றாள் கர்ட்டனக்கா. "திருப்பிக் குடுங்க."

அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்து, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பெயின்டர் மறுபேச்சுப் பேசவில்லை. "நானே கொண்டு வந்து போடறேன், நீங்க உக்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை. "முன்னால நீங்க பிடிங்க. பின்னால நான்."

அப்படியே ஏணியைத் தூக்கிக்கொண்டு இருவரும் தெருவில் நடந்தார்கள். பாரமெல்லாம் பெயின்டர் பக்கம்தான். ஆனால் கையில் உறுதியாக ஒரு பொருளைப் பிடித்திருந்தபோது, போனதைவிடத் திரும்பி வந்தது லேசாக இருந்ததைக் கர்ட்டனக்கா கவனித்துக்கொண்டாள்.

மாலையில் கணவர் வந்தார். கூடத்தில், வந்தவர் இடித்துக்கொள்கிற மாதிரி, ஏணியை நிறுத்தி வைத்திருந்தாள்.

"இதை யாரு கொண்டு வந்தது?"

"நான்தான்."

"தனியாவா? ரோட்டைத் தாண்டியா?"

"விழுந்திருந்தா இத்தனை நேரத்துக்கு உங்களுக்கு நாலு பேர் போன் பண்ணியிருப்பாங்க."

"விளையாட்டா உனக்கு? ஏதாவது ஆகியிருந்தா?"

"எனக்கு ஆனது ஆயாச்சுங்க. இனிமே ஆகப்போறதுக்குப் பயந்து படுத்துக்கிட்டே கிடக்க என்னால முடியாது. என்னைக் கேக்காம எப்படி எடுத்துக் குடுத்தீங்க? நாளைக்கு உங்க பஸ் சாவியை நான் எடுத்து வேற ஒருத்தர்கிட்ட குடுத்தா?"

அவர் ஏணியின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு ஸ்டாப்லயும் போனைப் பாக்கறேன்" என்றார். "ஓட்டும்போது பாக்கக் கூடாதுன்னு ஸ்டாப் வரட்டும்னு காத்துக்கிட்டே ஓட்டறேன். பயமா இருக்குடி."

கர்ட்டனக்காவின் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. ஆனால் முடிவு இறங்கவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஏற மாட்டேன். சத்தியமா ஏற மாட்டேன். ஆனா ஏணி என் கடையில இருக்கும். நாளைக்கு லீவு போடுங்க, டாக்டரைப் பாக்கணும். தூங்க வைக்கிற மாத்திரையைத் தவிர வேற என்ன வழி இருக்குன்னு கேக்கணும்."

வழி இருந்தது. அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஒரு சிறிய அறையில், பிசியோதெரபி செய்கிற ஒரு சின்னப் பெண்ணிடம் டாக்டர் அனுப்பினார். மாத்திரையையும் படிப்படியாக நிறுத்தச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு வெண்கலக் குரல். அறையில் சுவரோடு ஒரு பிடிகம்பி, தரையில் கனமான ஒரு பஞ்சுத்திண்டு, எதிர்ச்சுவரில் ஒரே ஓர் எழுத்து ஒட்டிய அட்டை.

"அந்த எழுத்தைப் பாத்துக்கிட்டே தலையை இப்படி அப்படி ஆட்டுங்க. எழுத்து ஆடக் கூடாது."

கர்ட்டனக்கா ஆட்டினாள். எழுத்து ஆடியது, சுவர் ஆடியது, வெண்கலக் குரலே ஆடியது.

"ஐயோ, சுத்துது."

"சுத்தணும். சுத்தினாத்தான் மூளைக்குத் தப்பு எங்கன்னு தெரியும், அது திருத்திக்கும். நீங்க இத்தனை மாசம் தலையை ஆட்டாம, படுத்து, மாத்திரை போட்டு, அதுக்குக் கத்துக்க வாய்ப்பே குடுக்கல. சுத்தற வரைக்கும் பண்ணுங்க. வாந்தி வர்ற வரைக்கும் வேணாம். நின்னு, அடங்கினதும் மறுபடி."

"எப்ப முழுசா நல்லாகும்?"

அந்தப் பெண் மழுப்பவில்லை. "முழுசா ஆகும்னு நான் சொல்ல மாட்டேன். இதை வச்சுக்கிட்டே வேலை செய்யலாம்னு சொல்லுவேன். என்ன வேலை பாக்கறீங்க?"

"கர்ட்டன் தைக்கிறது. கோடு போட்ட துணியைக் கண்டாலே எனக்கு ஆகறதில்ல."

"அப்ப ஒரு முழம் கோட்டுத் துணியை வீட்டுல மாட்டுங்க. தினம் கொஞ்ச நேரம் முறைச்சுப் பாருங்க."

கர்ட்டனக்கா முறைத்தாள். படுக்கையறைக் கதவில் மாட்டிய அந்தத் துணியைப் பங்காளிச் சண்டைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு தலையை ஆட்டிக்கொண்டு. சில நாள் அவள் ஜெயித்தாள். சில நாள் துணி ஜெயித்தது. ஒருநாள் எரிச்சலில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மறுநாள் அவளே எடுத்துத் தேய்த்து மாட்டினாள்.

கூடவே வீட்டையும் கடையையும் தன் தலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டாள். காலையில் கண் விழித்ததும் எழுவதில்லை. பக்கவாட்டில் புரண்டு, உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, கதவின் கைப்பிடியைப் பார்த்தபடி இருப்பாள். அது நின்ற இடத்தில் நின்றால்தான் எழுந்திருப்பாள். குளியலறையில் கணவர் ஒரு பிடிகம்பி பொருத்தினார், பிறகு தாழ்ப்பாளுக்கு அனுமதி கொடுத்தார். விளக்கை விசிறியைவிட்டு விலக்கி மாட்டினார். கடையில் அடிக்கடி எடுக்கிற துணியெல்லாம் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் வந்தது. கீழ்த்தட்டுக்குக் குனியாமல் முதுகு நேராகக் குந்துவாள். வெட்டுகிற மேசையின் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்தினார்கள். சாமான் வாங்கப் பெரிய கடைக்குத் திறந்தவுடன், கூட்டம் சேருமுன் போவாள். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கத்து அடுக்குகளையும் பார்க்காமல், பாதையின் கோடியில் ஒன்றைக் குறிவைத்து நடப்பாள். வேளைக்குச் சாப்பிடுவாள். ராத்திரித் தூக்கத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டாள், தொலைக்காட்சித் தொடருக்காகக்கூட.

ஏணிக்கு ஆள் வேண்டும். நாத்தனாரை நிறுத்தினாள். நாத்தனார் இரண்டாவது படியில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, கீழ பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"சரியாப் போச்சு. எனக்கு மேல பாத்தா, உனக்குக் கீழ பாத்தா. ரெண்டு பேரும் நடுவுல பாத்து வேலையை முடிப்போம்."

இருவரும் சிரித்த சிரிப்பில் ஏணி குலுங்கியது. ஆனால் அன்றிலிருந்து நாத்தனார் ஏறினாள். வெளியிடத்தில் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இருக்க ஒரு குறிப்புச் சொல்லும் வைத்துக்கொண்டார்கள். சுற்றல் வந்தால் கர்ட்டனக்கா "கப்பல்" என்பாள். உடனே நாத்தனார் ஏதாவது சாக்குச் சொல்லி அவளை உட்கார வைப்பாள். டேப்பை வண்டியில் விட்டுவிட்டோம், அளவைச் சரிபார்க்கணும், தண்ணீர் வேணும் என்று அவளிடம் சாக்குகளுக்குப் பஞ்சமே இல்லை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஓட்டலிலிருந்து வேலை வந்தது அந்தச் சமயத்தில்தான். தங்கும் அறைகள் எல்லாவற்றுக்கும் புதுத் திரைச்சீலை. அந்தக் கடை பார்த்ததிலேயே பெரிய வேலை. அறைகளின் பொறுப்பாளர் ஒரு மெலிந்த அம்மா, இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் எப்போதும் கடுகு வெடிக்கும். துணியை முதலாளி ஏற்கெனவே வாங்கிவிட்டாராம். சுருள்கள் கடைக்கு வந்து இறங்கின. நாத்தனார் ஒன்றைப் பிரித்து மேசையில் உருட்டினாள்.

கருநீலமும் வெள்ளையும். விரல் அகலக் கோடுகள், ஓரம் முதல் ஓரம் வரை.

கர்ட்டனக்கா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"திருப்பி அனுப்பிடலாம் அண்ணி. வேற வேலை வராமலா போகும்?"

கர்ட்டனக்கா அந்தத் துணியைப் பார்க்கவில்லை. துணி வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கத்திரிக்கோலை எடுத்து, பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டினாள். பழுப்பு நிற, வெற்று அட்டை. அதன் நடுவில் சீட்டுக்கட்டின் அகலத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, இயந்திரத்தின் மேல் வைத்தாள். ஊசியும் ஊசிக்கு முன்னால் கொஞ்சம் துணியும் மட்டும் அந்த ஜன்னலில் தெரிந்தன. மற்றக் கோடெல்லாம் அட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

மிதியை மெல்ல அழுத்தினாள். கோடு ஒன்று, ஒன்றே ஒன்று, ஊசிக்குள் போயிற்று. வயிறு புரண்டது, ஆனால் இருந்த இடத்திலேயே புரண்டது.

"போகுது" என்றாள்.

வெட்டுவதற்குத் துணியைக் குப்புறப் போட்டார்கள், பின்பக்கம் வெள்ளை. கோடு கோட்டோடு சேர வேண்டிய இடங்களில் நாத்தனார் ஊசி குத்திக் கொடுத்தாள், கர்ட்டனக்கா விரலால் தடவித் தைத்தாள். ஒரு விளிம்பு முடிந்ததும் எழுந்து வாசலுக்கு வந்து எதிர்வீட்டு வெள்ளைச் சுவரைப் பார்ப்பாள். தலையை ஆட்டும் பயிற்சியைச் செய்வாள். மறுபடி போய் உட்காருவாள். முன்பு ஒரு மூச்சில் தைத்ததை இப்போது பல மூச்சுகளில் தைத்தாள். தையல் மட்டும் பழைய தையல்தான், பிசிறு கிடையாது.

மாட்டப் போன நாள்தான் பெரிய சோதனை. ஓட்டலின் மின்தூக்கிக்குள் மூன்று பக்கமும் கண்ணாடி. வெளியே வந்தால் நீண்ட நடைவழி, தரை முழுக்கச் சுழி சுழியாகச் சிவப்புக் கம்பளம். கர்ட்டனக்கா சுவரை விரலால் தொட்டுக்கொண்டு, கோடியிலிருந்த தீயணைப்புக் கருவியைக் குறிவைத்து நடந்தாள். பொறுப்பாளர் அம்மா பின்னாலிருந்து அந்த நடையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதல் அறை முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. அதற்கடுத்த அறையில் நாத்தனார் திரைச்சீலையை மாட்டிவிட்டு இறங்கியபோது, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் காற்று புகுந்தது. கோடுகள் மொத்தமும் உயிர் வந்து, வெயிலோடு சேர்ந்து, அறை முழுக்க அலையடித்தன.

"கப்பல்" என்று சொல்லத்தான் நேரம் இருந்தது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பாதங்களை ஊன்றி, அலமாரியின் சாவித்துளையைக் கண்ணால் பிடித்துக்கொண்டாள்.

"என்ன இது?" பொறுப்பாளர் அம்மா சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு அருகில் வந்தார். "வந்ததுலேருந்து பாக்கறேன், நடையே சரியில்ல. குடிச்சிருக்கீங்களா? மேனேஜரைக் கூப்பிடவா?"

"இல்லீங்க, காலையில சாப்பிடாம வந்துட்டாங்க" என்று நாத்தனார் வழக்கமான சாக்கை எடுத்தாள்.

கர்ட்டனக்காவுக்குத் திடீரென்று அலுத்துப்போயிற்று. சுற்றுவது அலுக்கவில்லை, அதற்குப் பழகிக்கொண்டிருந்தாள். பொய்தான் அலுத்தது. பல் டாக்டர் வீட்டு அம்மா மோந்து பார்த்தது நினைவுக்கு வந்தது.

"இரு" என்று நாத்தனாரை நிறுத்தினாள். கண்ணைச் சாவித்துளையிலிருந்து எடுக்காமல் பேசினாள். "நான் சாப்பிட்டேங்க. குடிக்கல. எனக்குக் காதுக்குள்ள நரம்பு கெட்டுப்போய்த் தலைசுத்தல் இருக்கு. ரொம்ப நாளா இருக்கு, இனிமேலும் இருக்கும். கர்ட்டன் ஆடினதைப் பாத்ததுல இப்ப வந்துடுச்சு. கொஞ்ச நேரம் இப்படியே உக்காருவேன். அப்பறம் எழுந்து வேலையை முடிப்பேன். முடிச்ச ரெண்டு ரூமையும் போய்ப் பாருங்க. குறை இருந்தா மேனேஜரைக் கூப்பிடுங்க."

பொறுப்பாளர் அம்மா போய்ப் பார்த்தார். நிஜமாகவே போய், இரண்டு அறையிலும் திரைச்சீலையைத் திறந்து மூடி, விளிம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் ஜன்னலைச் சாத்தினார். காற்று நின்றது. கோடுகள் தொங்கின.

"இப்ப பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

"தங்க வர்றவங்க போற வழியில ஏன் வர்றீங்க? அந்தக் கார்ப்பெட்டைப் பாத்தா எனக்கே குமட்டுது. முதலாளிக்கு ரசனை அப்படி. பின்னால நாங்க போற படி இருக்கு, வெறும் சிமெண்ட். பிடிச்சுக்கக் கைப்பிடியும் இருக்கு. நாளைக்கு அதுல வாங்க." கொஞ்சம் யோசித்து, "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். குரலில் கடுகு வெடிக்கவில்லை.

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?"

அந்த அம்மா நேர்மையானவர். "தெரியல" என்றார்.

அந்த வாரத்தில் ஒருநாள் கர்ட்டனக்காவால் தலையணையிலிருந்து தலையைத் தூக்கவே முடியவில்லை. முந்தின ராத்திரி பக்கத்து வீட்டு நாய் தூங்க விடவில்லை. அன்றைக்கு அழுதாள். இத்தனை பாடுபட்டும் ஒரு நாய் குரைத்துப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டதே என்று மனம் விட்டு அழுதாள். நாத்தனார் தனியாகப் போனாள். போனிலேயே கேட்டுக் கேட்டு மாட்டினாள். ஓர் அறையில் உள்பக்கத்தை வெளியே வைத்து மாட்டிவிட்டு வந்தாள். மறுநாள் கர்ட்டனக்கா சிமெண்ட் படி ஏறிப் போய், முதல் வேலையாக அதைக் கழற்றச் சொன்னாள். "உங்க அண்ணி எங்கன்னு அந்த சாவிக்கொத்தம்மா நேத்துக் காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்று நாத்தனார் சொன்னாள்.

வேலை முடிந்தது. சொன்ன தேதிக்கு முடியவில்லை, சற்றுத் தாமதம்தான். தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தாள், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. கர்ட்டனக்காவுக்குச் சுற்றல் போகவில்லை. குறைந்திருக்கிறது. சில வாரங்கள் வீட்டு வேலையாள் விடுப்பில் போனதுபோல அது காணாமல் போகும். பிறகு ஒரு சளி, ஒரு தூக்கமில்லாத ராத்திரி, ஒரு நீண்ட பயணம், திரும்பி வந்து நிற்கும். கணவர் இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் போனைப் பார்ப்பதில்லை. மதியம் ஒரு தடவை அழைக்கிறார். குறிப்புச் சொல் வழக்கொழிந்துவிட்டது. புதிய வாடிக்கையாளரிடம் துணி, அளவு, தேதி பேசுகிற மூச்சிலேயே கர்ட்டனக்கா தலைசுற்றலையும் சொல்லிவிடுகிறாள். சிலர் வேறு கடை பார்க்கப் போய்விடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் போவதில்லை.

போன வாரம் ஒருநாள் காலையில் கட்டிலே மிதந்தது. கணவர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. கடைக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. நாத்தனார் அன்று ஊரில் இல்லை. மூடிய கதவுக்கு முன்னால் ஒரு பெண், கையில் ஒரு பழைய திரைச்சீலைச் சுருளோடு, காத்திருந்து சலித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரமாப் பூட்டியே கிடக்கு? கடை இருக்கா இல்லையான்னே தெரியலையே?"

"தலை சுத்திக்கிட்டிருந்துச்சும்மா. நின்னதும் வந்துட்டேன்" என்று கர்ட்டனக்கா பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். "உள்ள வாங்க. ஜன்னல் என்ன அகலம்?"